வெய்யில் காலத்தில் தொட்டி மிளகாய்

பாடாங் செராய் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் பலர் இன்று தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கின்றனர். லயத்துக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இங்கே மிஞ்சியது சிமெண்டுத் தரைதான்.

அந்தக் கொல்லை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விடவேண்டும் என்றது. கெடாத் தோட்டங்களிலும் கொல்லை போடுவது பழக்கமாயிற்று. பிறகு வேலை போனது, வீடு போனது, வீட்டோடு கொல்லையும் போனது.

கொல்லை போனாலும் குழம்புக்கு மிளகாய் வேண்டுமே! பண்டிகைக் கால விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சிவப்பு மிளகாயும் இடம்பெற்று வருகிறது. அதன் விலை எப்படி ஏறும் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். ஆகவே, தொட்டியில் மிளகாய் போடுவதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சிதான் சோதனை. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிகளையே மூடினார்கள். அப்படிப்பட்ட வெய்யில் தொட்டிச் செடியைச் சும்மா விடுமா?

"செடி தளதளன்னு இருக்கு அண்ணே, பூ மட்டும் கொட்டிப்போவுது" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதற்காக உரத்தை அள்ளிப் போடக்கூடாது. யூரியா மிஞ்சினால் இலைதான் பெருகும், காய் வராது. வெக்கை தணிந்ததும் பூ தானாகப் பிடிக்கும். அதுவரை செடியைக் காப்பாற்றுவதே நம் வேலை. சிவப்பு மிளகாயைவிட ஊசி மிளகாய் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

நிலத்தில் வேர் ஆழமாய் ஓடிக் குளிர்ச்சி தேடிக்கொள்ளும். தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. எனவே தொட்டி சிறியதாக இருக்கக்கூடாது. ஒரு செடிக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் மண் கொள்ளவேண்டும். கறுப்புத் தொட்டியானால் கோணிச் சாக்கைச் சுற்றுங்கள், அல்லது வெள்ளைச் சாயம் பூசுங்கள். சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. மேலே தேங்காய் மட்டையோ காய்ந்த புல்லோ பரப்புங்கள். நண்பகலில் ஒரு பழைய கைலியைப் பந்தல்போல் கட்டினாலும் போதும்.

தண்ணீரைக் காலையில், அடியில் வழியும்வரை ஊற்றவேண்டும். மதியம் இலை தொங்கினால் உடனே பதறவேண்டாம். முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வெய்யில் சாய்ந்ததும் செடி நிமிர்ந்துகொள்ளும். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். ஒருநாள் வெள்ளம், ஒருநாள் பட்டினி என்று விட்டால் காயின் நுனி கறுக்கும். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கவேண்டாம். அது டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில்!

வறட்சியில் பூச்சியும் பெருகும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன் என்று சந்தேகிக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு மாலையில் வேப்பெண்ணெயை இலேசான சோப்புத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த கேனையோ தோம்பையோ வெட்டித் தொட்டியாக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் நம்பமுடியாது. பாராகுவாட் மருந்துக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் நாளன்று மீண்டும் தடை வந்தது. இடையில் அதைத் தோளில் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அந்த நஞ்சு வந்த கேன் நம் அடுப்படிக்கு வரவேண்டுமா? சமையல் எண்ணெய்த் தகரம் போதும், அடியில் நாலு ஓட்டை போட்டால் தீர்ந்தது.

தொட்டி கொல்லைக்கு ஈடாகாது என்பதும் நமக்குத் தெரியும். தோட்ட மக்களுக்கு வீடமைப்புத் திட்டம் பேசும் இடமெல்லாம் அறை எத்தனை என்று கேட்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மண் எத்தனை அடி என்றும் கேட்போம். அது கிடைக்கும்வரை ஐந்து தகரம், ஐந்து செடி. இந்த வாரமே விதை போடுங்கள்!