யாருக்குச் சொன்ன கவி? கிழக்கிலங்கை முஸ்லிம் நாட்டார் பாடல்களின் பின்கதைகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்கள் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக இரண்டு காரியங்களைச் செய்கிறோம். முதலில் அவற்றின் இனிமையை வியக்கிறோம். பிறகு காதல், தொழில், தாலாட்டு என்று வகுத்து வைக்கிறோம். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இந்தப் பாடல்களோடு வளர்ந்த மூத்த பெண்களிடம் போய் இருந்து கேட்டால், அவர்கள் இனிமையிலும் தொடங்குவதில்லை, வகையிலும் தொடங்குவதில்லை. "இது இன்ன ஆள் இன்ன ஆளுக்குச் சொன்ன கவி" என்றுதான் தொடங்குகிறார்கள். கவியைச் சொல்ல ஓர் ஆள் உண்டு. அதைக் கேட்கவேண்டிய ஓர் ஆளும் உண்டு. இருவருக்கும் இடையில் ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கை விட்டுவிட்டு நாலு அடியை மட்டும் எழுதிக்கொண்டால் பாதிக் கவிதான் கைக்கு வரும். மறுபாதி எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கவி சொல்லுதல்

'நாட்டார் பாடல்' என்பது புத்தகச் சொல். கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் என்று எங்கட பக்கத்து ஊர்களில் வழங்கும் சொல் கவி. மூத்தம்மாமார் அதைப் பாடுவதாகக்கூடச் சொல்லமாட்டார்கள். "கவி பாடுறல்ல மகள், கவி சொல்லுற" என்பார்கள். இந்த வேறுபாடு சின்ன விசயமல்ல. பாட்டு எல்லோருக்கும் பொது. சொல் என்பது ஒருவரை நோக்கிப் போவது.

கவிக்கு நாலு அடி போதும். றபான் வேண்டாம், பக்கவாத்தியம் வேண்டாம். அடியின் கடைசியில் குரலை இழுத்து நிறுத்துவார்கள். பல கவிகளில் முதல் இரண்டு அடி வெளியே கண்ணில் படும் ஒன்றைக் காட்டும்: நிலவு, வரம்பு, கிளி, வாழை, வண்டில் மாடு. பின் இரண்டு அடியில்தான் சொல்லவந்த காரியம் வந்து விழும். மலாய் மக்களின் பந்துனும் ஏறக்குறைய இப்படித்தான். அதிலும் முன் பாதி சாடை, பின் பாதி பொருள். 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவ மரபுரிமைகளில் ஒன்றாகப் பதிவுசெய்த வடிவம் அது. எங்கள் நாட்டு மலாய் முஸ்லிம்களுக்கும் அது முதுசொம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவரவில்லை. நேரே சொல்லமுடியாததைச் சொல்லவேண்டியிருந்த மக்கள் இரண்டு இடத்திலும் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

சாடை எதற்கு? கூட்டுக் குடும்பம், ஒட்டிய வளவு, கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் எப்போதும் ஒரு காது இருக்கும். உம்மாவை எதிர்த்து மகள் பேசக்கூடாது. மாமியைக் குற்றம் சொல்லக்கூடாது. ஆனால் கிளியைப் பற்றிக் கவி சொல்லலாம். யாராவது கோபித்தால், "நான் கிளியப் பத்தித்தானே சொன்னன், உங்களுக்கு ஏன் சுடுது?" என்று கேட்டுவிடலாம். பழியும் வராது, சொல்லும் போய்ச் சேர்ந்துவிடும்.

வட்டையும் பரணும்

கவிகளில் வரும் தூரத்தை விளங்கிக்கொள்ள ஊரின் கிடப்பைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கட ஊர்களில் பெரும்பாலானவை கடலோரத்து மணலில் நெருக்கமாகக் கிடக்கின்றன. வயல்வெளி மேற்கே. அதைத்தான் வட்டை என்கிறோம். வேளாண்மை கதிர் தள்ளிவிட்டால் பன்றிக்கும் யானைக்கும் காவல் வேண்டும். ஆண்கள் வாடி கட்டிக் கிழமைக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். இரவில் பரண்மேல் இருந்தார்கள்.

பரணில் கவி சொன்னது நித்திரையை விரட்டவும்தான், மிருகத்தை விரட்டவும்தான். இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு பரணிலிருந்து ஒருவர் சொன்னால் அடுத்த பரணிலிருந்து எதிர்க்கவி வரவேண்டும். வந்தால் அங்கே ஆள் விழிப்பாக இருக்கிறான் என்று அர்த்தம். வராவிட்டால்தான் பயம். ஆகவே பரண் கவியில் ஒருவன் மச்சியைக் கூப்பிடுவதெல்லாம் காதல் என்று எடுத்துவிடக் கூடாது. அவன் கூப்பிட்ட மச்சி பல மைலுக்கு அப்பால் ஊரில் நித்திரை. கவியைக் கேட்டவன் அடுத்த பரணில் லாம்பை வைத்துக்கொண்டிருந்த இன்னோர் ஆண். அவளின் பெயரைச் சொல்லி இரண்டு பேர் ஒருவரையொருவர் விடியும்வரை காத்திருக்கிறார்கள்.

ஊரிலிருந்த பெண்கள் சொன்ன கவிகளில் அதே வட்டை வேறாகத் தெரியும். அங்கே பாம்பு வரும், காய்ச்சல் வரும், யாரிடம் கட்டுச்சோறு கொடுத்தனுப்புவது என்ற கவலை வரும். ஆண் கவியையும் பெண் கவியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் காலத்து வேளாண்மையின் விலை விளங்கும்.

மச்சி என்ற சொல்

எங்கட கவிகளில் ஆகக் கூடுதலாகக் கேட்கும் சொற்கள் மச்சானும் மச்சியும். வெளியூர் வாசகர் இதைக் காதலன், காதலி என்று வாசித்துவிடுவார். ஆனால் இது உறவின் சொல். அதோடு உரிமையின் சொல்லும்கூட.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடி தாய்வழியில் வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரு குடிக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிகளுக்கு மரைக்கார் என்ற ஒழுங்கு இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு தொடங்கி, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இந்த முறையை விரிவாக விளக்குகிறார். பக்கத்திலிருக்கும் தமிழ் மக்களிடமும் இதே தாய்வழிக் குடிமுறை இருப்பதைக் காட்டுகிறார்.

இதன்படி உம்மாவின் சகோதரிகளின் பிள்ளைகள் நமக்கு ஒரே குடி. அவர்கள் காக்கா, ராத்தா, தம்பி, தங்கச்சி. மாமாவின் மகளும் மாமியின் மகளும் வேறு குடி. அவள்தான் மச்சி. மார்க்கம் இரு பக்கத்திலும் கலியாணத்தை அனுமதிக்கிறது. ஊர் வழக்கமோ மச்சியைத்தான் உரிமைப் பெண் என்றது. எனவே ஒருவன் கவியில் 'மச்சி' என்று தொடங்கினால் ஆசையை மட்டும் சொல்லவில்லை, "எனக்கு உரியவள்" என்று சபையில் வழக்கு வைக்கிறான். அவள் 'மச்சான்' என்று பதில் சொல்லாமல் வேறு விளி வைத்துவிட்டால், அந்த ஒரு சொல்லிலேயே தீர்ப்பு இருக்கும்.

வீட்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எங்கட வழக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போவது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் ஒதுங்கிக்கொள்வார்கள். அதனால் இந்தக் கவிகளில் தாய்வீட்டைப் பிரிந்துபோகும் பெண்ணின் அழுகையைவிட, கடப்படிக்கு வெளியே நின்று உள்ளே வரக் கேட்கும் ஆணின் குரலே மேலோங்கி நிற்கிறது. நிலத்தின் மேல் நிற்பவள் அவள், வந்து சேர்கிறவன் அவன். சட்டப் புத்தகம் எதிலும் வாசிக்காத பெண்கள் தங்கள் சொத்துரிமையை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு கவியின் கதை

எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூத்தம்மா எனக்குச் சொன்ன கவி ஒன்று. கூடு கட்டிய மரத்தை விட்டுப் பக்கத்து வேலியில் போய்க் குந்தியிருக்கும் கிளியிடம் காரணம் கேட்கும் கவி. கேட்பவர் எவரும் கைவிட்டுப்போன மச்சானுக்குச் சொன்னது என்றே நினைப்பர்.

கதை வேறு. அந்த மூத்தம்மாவின் ராத்தாவுக்குச் சின்ன வயதிலேயே மாமி மகனைப் பேசி வைத்திருந்தார்கள். சீதன வீடு கட்டத் தொடங்கினார்கள். இரண்டு போகம் வெள்ளத்தில் போனதால் சுவர் நிலைமட்டத்தோடு நின்றுவிட்டது. மாமி வேறு இடத்தில் பார்க்கத் தொடங்கினாள். ஒரு பின்னேரம் நெல் குத்தும்போது, வேலிக்கு அங்கால் மாமி நிற்பதைத் தெரிந்துகொண்டு, ராத்தா உலக்கையை நிறுத்தாமல் அந்தக் கவியைச் சொன்னாள். கிளி மச்சான் அல்ல, மாமி. கூடு கட்டிய மரம் தன்னுடைய சொந்தத் தம்பியின் வளவு.

"மாமி என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. மூணு நாள் எங்கட வளவுக்குள்ள வரல்ல. நாலாம் நாள் வாப்பாக்கிட்ட வந்து, கூரைக்கு மரம் தாறன் எண்டா."

கலியாணம் நடந்தது. கவியால்தான் நடந்தது என்று மூத்தம்மா சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கதை இல்லாமல் அந்த நாலு அடியை அச்சில் போட்டால், அது 'காதல்' என்ற தலைப்பின் கீழ்தான் போய்ச் சேரும். வெள்ளம், பாதியில் நின்ற சுவர், தம்பி வீட்டில் மாமிக்கிருந்த கடமை எல்லாம் அழிந்துபோகும்.

தாலாட்டும் பொலியும்

தாலாட்டிலும் இதே கணக்குத்தான். பிள்ளைக்கு அர்த்தம் விளங்காது, வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு விளங்கும். நபிகள் நாயகத்தின் பெயரும் பாத்திமா நாயகியின் பெயரும் மக்கா மதீனாவும் பிள்ளையின் காதில் முதலில் விழுவது இந்த ஏணைக்குள்தான். நடுவே வாப்பா வட்டையிலிருந்து எப்போது வருவார் என்ற கேள்வி வரும். மாமா என்ன கொண்டுவருவார் என்ற அடுக்கும் வரும். குடிமுறை தெரிந்தவருக்கு அது வெறும் அலங்காரமல்ல. பிள்ளையின் குடியைச் சேர்ந்த ஆண் மாமாதான். ஏணையை ஆட்டிக்கொண்டே உம்மா தன் உடன்பிறந்தவனுக்கு அவன் கடமையை நினைவூட்டுகிறாள்.

களவெட்டியில் கேட்பது பொலி. சூடு வைத்து மாடு பிணைத்து மிதித்த காலத்தில் அங்கே அன்றாடப் பேச்சுக்கு இடமில்லை. நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். பொலிதல் என்றால் பெருகுதல். எங்கட ஆட்கள் பறக்கத் என்பதும் அதைத்தான். பிஸ்மியோடும் சலவாத்தோடும் பொலிச் சத்தம் சேர்ந்து எழும்பும்போது இரண்டு மொழியும் ஒரே துஆவைக் கேட்கின்றன. அந்தச் சத்தம் ஊருக்கு ஓர் அறிவித்தலும்கூட. வானத்து மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று என்று ஸகாத் கடமையாவது அறுவடை நாளில்தான். இல்லாதவர்கள் எந்தக் களவெட்டிக்குப் போவது என்று அறிந்துகொள்வது பொலிச் சத்தத்தால்.

இனிச் செய்யவேண்டியது

இந்தச் செல்வத்தைத் தேடி எழுதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. இப்பகுதியின் வாய்மொழிப் பாடல்களைப் படிப்போர் இன்றும் முதலில் தேடும் நூல்களில் ஒன்று அது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் பல வருடங்கள் கிராமம் கிராமமாகத் தேடி, முஸ்லிம்களின் கவிகளைத் தொகுப்புகளாக்கினார். இவர்கள் இல்லாவிட்டால் பேசுவதற்கே நமக்கு அதிகம் மிஞ்சியிராது. ஆனால் தொகுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அறையில் ஆம்பிளை இருந்தால் ஒரு மூத்தம்மா கவியைச் சொல்வாள், வழக்கைச் சொல்லமாட்டாள். விடுபட்ட அந்தப் பாதியைப் பெண்களிடமிருந்து பெண்கள்தான் வாங்கவேண்டும்.

காலமும் காத்திருக்கவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வயலின் முகம் மாறியது. உழவு மெசினும் பிறகு வெட்டு மெசினும் வந்து களவெட்டியின் சத்தத்தை மாற்றின. யுத்த காலத்தில் வட்டையில் இரவு தங்குவது உயிரோடு விளையாடும் காரியமாக இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களில் கவி சொன்னவர்களும் உண்டு.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "அதெல்லாம் பழைய காலத்துக் கூத்து, இப்ப சொல்லப்படாது" என்று பேரப்பிள்ளைகள் தடுப்பதால் வாயை மூடிக்கொண்ட மூத்தம்மாமாரைக் கண்டிருக்கிறேன். பெண்ணின் குரல் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கவியை மேடையில் பாடவைப்பது ஒன்று, அதை எழுதி வைப்பது இன்னொன்று. மேடை வேண்டாம் என்பவர்களுக்கும் எழுத்து ஆகும். எங்கட தாய்வழிக் குடி, பெண்ணின் வீட்டுரிமை, ஸகாத் கொடுத்த முறை ஆகியவற்றை அந்தப் பெண்களின் வாயாலேயே சொல்லும் சான்றுகள் வேறு அதிகம் இல்லை.

எழுதப் போகிறவர்கள் ஐந்து கேள்வியை மறக்கவேண்டாம். யார் சொன்னது? யாருக்குச் சொன்னது? எந்த இடத்தில்? எந்தப் போகத்தில்? அதற்குப் பிறகு என்ன நடந்தது? நாலு அடியை எழுத ஐந்து நிமிசம் காணும். மற்றதைக் கேட்க ஒரு முழுப் பின்னேரம் வேண்டும், வெத்திலைத் தட்டு வேண்டும், குறுக்கே பேசாத பொறுமையும் வேண்டும். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் உங்கள் வீட்டிலேயே இருந்தால் வருகிற கிழமை தொடங்குங்கள். போனில் பதிந்தாலும் கதையைச் சேர்த்தே பதியுங்கள்.