மனச்சோர்வுக்கு மூளைப் படம் வழிகாட்டுமா?

நெஞ்சு வலி என்றால் இசிஜி. சர்க்கரை நோய் என்றால் ரத்தப் பரிசோதனை. மனச்சோர்வுக்கு மட்டும் அத்தகைய சோதனை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டு மருத்துவர் ஒரு மருந்தைத் தருகிறார். பலன் தெரியச் சில வாரங்களாகும். தெரியாவிட்டால் வேறு மருந்து. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு, 2006-இல் முடிவுகள் வெளியான 'ஸ்டார்-டி' ஆய்வில், முதல் மருந்திலேயே நோய் தணிந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்கள் காத்திருக்கும் வாரங்களில் வேலை போகலாம், உயிரே போகலாம்.

இக்காத்திருப்பைக் குறைக்க முயல்கிறது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லியான் வில்லியம்ஸ் குழு. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 801 பேரின் மூளை இயக்கத்தை, ஓய்விலும் சில பணிகளைச் செய்யும்போதும், எம்.ஆர்.ஐ. மூலம் அக்குழு பதிவு செய்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டு, மூளையில் எப்பகுதி கூடுதலாக இயங்குகிறது என்பதை இம்முறை காட்டும். அப்பதிவுகளை இயந்திரக் கற்றல் வகைப்படுத்தியபோது ஆறு பிரிவுகள் தெரிந்தன.

2024-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான இந்த ஆய்வில், 250 பேருக்கு மூன்று மருந்துகளில் ஒன்றோ பேச்சு வழிச் சிகிச்சையோ அளிக்கப்பட்டது. சிந்தனை தொடர்பான பகுதிகள் மிகையாக இயங்கிய பிரிவினருக்கு வென்லாஃபாக்சின் மருந்து கூடுதல் பலன் தந்தது. மற்றொரு பிரிவினருக்குப் பேச்சுச் சிகிச்சை உதவியது. ஒரே பெயரில் வழங்கும் நோய்க்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஆறு பிரிவுகள், நான்கு சிகிச்சைகள். 250 பேரைப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாகப் பத்துப் பேர். உறுதியான முடிவுக்கு இது போதாது. அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான மற்றோர் ஆய்வும் எச்சரிக்கிறது. மனச்சிதைவு நோய்க்கான மருந்து சோதனைகளின் மருத்துவத் தரவுகளைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரிகள், பயின்ற சோதனையில் நன்கு கணித்தன. வேறு சோதனையின் நோயாளிகளிடமோ நாணயம் சுண்டுவதைவிட மேலாகக் கணிக்கவில்லை.

ஆகவே, படத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட விரைவில் குணமடைகிறார்களா என்பதைப் பல மருத்துவமனைகளில் நேரடியாக ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அதில் தேறும்வரை, மூளைப் படத்தைக் காட்டி மருந்து சொல்வதாக விளம்பரம் செய்வோரிடம், அம்முறை புதிய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டதா என்று கேட்பது நம் உரிமை.