வீட்டுக்குள் மிதிவண்டிப் பயிற்சி: ‘ஸ்மார்ட் டிரெய்னர்’ வாங்கும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு: பெங்களூரு நகரின் மையப் பகுதியை ஒட்டி, ரிச்மண்ட் டவுனுக்கும் விவேக் நகருக்கும் அருகே அமைந்துள்ளது ஆஸ்டின் டவுன். தமிழர்கள் கணிசமாக வாழும் இப்பகுதி கால்பந்து ஆர்வத்துக்குப் பெயர்பெற்றது. எனினும், மிதிவண்டிப் பயிற்சி செய்ய விரும்புவோருக்கு இங்குள்ள சாலைகள் எளிதானவையாக இல்லை. பணி நாள்களில் ஓசூர் சாலையில் போக்குவரத்து நெரிசல் வழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குத் திரளும் பக்தர்களால் சுற்றுத் தெருக்களிலும் கூட்டம் மிகுகிறது. நகரின் மிதிவண்டி ஆர்வலர்கள் பெரிதும் நாடும் நந்தி மலையோ சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இத்தகைய சூழலில் வாழ்வோருக்கு ஒரு மாற்று வழியாக அமைந்திருப்பது ‘ஸ்மார்ட் டிரெய்னர்’ எனப்படும் பயிற்சிக் கருவி. சொந்த மிதிவண்டியை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி ஓட்ட இது உதவுகிறது. ஆனால் கருவியின் விலையை விசாரிப்பவர்கள், அதை வைக்கப்போகும் அறையையும் தங்கள் உடல்நிலையையும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியது அவசியம்.

கருவி இயங்கும் விதம்

இக்கருவிகளில் இரு வகைகள் உண்டு. முதல் வகையில், மிதிவண்டியின் பின்சக்கரம் ஓர் உருளையின் மீது அழுந்திச் சுழலும். இரண்டாவது வகையில், பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியைக் கருவியிலுள்ள பற்சக்கரங்களில் நேரடியாகப் பொருத்த வேண்டும். ‘டைரக்ட் டிரைவ்’ எனப்படும் இந்த வகையின் அளவீடு துல்லியமானது, ஓசையும் குறைவு. முதல் வகை விலை குறைந்தது. எனினும் டயர் விரைவில் தேயும். டயரின் காற்றழுத்தம் மாறினால் அளவீடும் மாறும் என்பதால், அவ்வப்போது கருவியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கருவிகளில் மின்காந்தத்தின் மூலம் மிதிப்பதற்கான தடை கூட்டவோ குறைக்கவோ படுகிறது. ஓட்டுபவர் வெளிப்படுத்தும் திறனைக் கருவி ‘வாட்’ அலகில் அளந்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கோ கணினிக்கோ அனுப்பும். திரையில் தோன்றும் பாதை மேட்டில் ஏறினால், கருவியின் தடையும் தானாக உயரும்.

உதாரணமாக, ஓட்டுபவரும் மிதிவண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொள்வோம். நூறு மீட்டர் முன்னேறினால் ஐந்து மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 109 வாட் தேவைப்படும். இந்தக் கணக்கைத்தான் கருவியும் செயலியும் சேர்ந்து நொடிக்கு நொடி செய்கின்றன. செயலியில் ஓட்டுபவரின் எடையைக் குறைத்துப் பதிவு செய்தால் திரையில் வேகம் கூடும். ஆனால் உடலுக்கு எந்தப் பயனும் கிடைக்காது.

விளையாட்டு அரங்கில் அங்கீகாரம்

‘வாஹூ’ நிறுவனத்தின் ‘கிக்கர்’ கருவி 2012-ஆம் ஆண்டு அறிமுகமானது. ‘ஸ்விஃப்ட்’ செயலி 2014-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. 2020-இல் கரோனா பரவலால் உலகெங்கும் சாலைப் போட்டிகள் நின்றபோது, வீட்டுக்குள் மிதிப்போரின் எண்ணிக்கை பெருகியது. அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்தின் முதலாவது மின்விளையாட்டு உலக சாம்பியன் போட்டி நடைபெற்றது. ஆடவர் பிரிவில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன், மகளிர் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ ஆகியோர் பட்டம் வென்றனர். துடுப்புப் படகு வீரராக இருந்த ஆஸ்போர்ன், பின்னர் தொழில்முறை மிதிவண்டி அணியில் இடம்பெற்றார். 2023 ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்திலும் மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது.

வெப்பமே முதல் சவால்

வீட்டுக்குள் மிதிப்பவர்கள் பலரும் எதிர்பாராத சிக்கல் வெப்பம். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மிதிகளைச் சென்றடைகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. 150 வாட் திறனில் மிதிப்பவரின் உடல் குறைந்தது 450 வாட் வெப்பத்தை அறைக்குள் வெளியிடும். சாலையில் எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கும். நான்கு சுவர்களுக்குள் அந்தக் காற்று இல்லை.

இதனால் உடல் வெப்பம் உயர்ந்து, அதே திறனுக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க நேரிடுகிறது. தலைச்சுற்றலும் மயக்கமும் ஏற்படலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெங்களூரிலும் இந்த இடர் உண்டு. சென்னை, மதுரை போன்ற நகரங்களில் இன்னும் அதிகம். கூரை மின்விசிறி மட்டும் போதாது. நெஞ்சை நோக்கி நேராக வீசும் நிலைவிசிறி ஒன்று, திறந்த சன்னல், கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர் ஆகியவை அவசியம். கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் விசிறிக்கான தொகையை முதலில் எடுத்து வைப்பது நல்லது.

வழிந்தோடும் வியர்வையிலுள்ள உப்பு, மிதிவண்டியின் திருகுகளையும் கைப்பிடிப் பகுதியையும் அரிக்கும். எனவே கைப்பிடியின் மீது துண்டு விரித்து, பயிற்சி முடிந்ததும் வண்டியைத் துடைத்துவிட வேண்டும். ஆஸ்டின் டவுன் போன்று வீடுகள் நெருக்கமாக அமைந்த பகுதிகளில், அதிகாலைப் பயிற்சியின் அதிர்வு கீழ்த்தளத்தில் வசிப்போரின் உறக்கத்தைக் கெடுக்கக்கூடும். தடித்த ரப்பர் விரிப்பு அதிர்வை ஓரளவு குறைக்கும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

எல்லா மிதிவண்டிகளும் இக்கருவிகளில் பொருந்துவதில்லை. பின்சக்கர அச்சை நட்டு கொண்டு இறுக்கும் சாதாரண வண்டிகள் பெரும்பாலும் ‘டைரக்ட் டிரைவ்’ கருவிக்கு ஏற்றவை அல்ல. அச்சின் வகை, பற்சக்கரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கடையில் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கருவிகளுக்கு மின்னிணைப்பு தேவை. ‘டாக்ஸ் நியோ’ போன்ற சில மட்டுமே மின்சாரமின்றியும் இயங்குகின்றன.

கருவிகளின் விலை சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டுகிறது. இதைத் தவிர, சில செயலிகளுக்கு மாதச் சந்தாவும் உண்டு. ‘மைவூஷ்’ போன்ற செயலிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அளவோடு தொடங்குதல்

பயிற்சியைத் திட்டமிட, ஒருவரின் தாங்குதிறனை அறிய வேண்டும். உடலை நன்கு தயார்படுத்திய பின், 20 நிமிடங்கள் முழு முயற்சியுடன் சீராக மிதித்துக் கிடைக்கும் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது பரவலான முறை. சராசரி 180 வாட் எனில் தாங்குதிறன் 171 வாட். அதில் 55 முதல் 75 விழுக்காடு வரையிலான, அதாவது 94 முதல் 128 வாட் வரையிலான எளிய மிதிப்பே வாரத்தின் பெரும்பகுதியாக அமைவது உகந்தது. பயிற்சிக்குப் புதியவர்கள் இச்சோதனையைத் தவிர்த்து, பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் சில வாரங்கள் பழகுவது பாதுகாப்பானது.

‘எர்க்’ எனப்படும் முறையில், குறிப்பிட்ட வாட் அளவைக் கருவியே நிலைநிறுத்தும். களைப்பால் மிதிக்கும் வேகம் குறைந்தால், அந்த அளவைக் காக்கக் கருவி தடையை மேலும் கூட்டும். கால்கள் முடங்கும் நிலை வருமுன், இலக்கைக் குறைத்துவிட வேண்டும்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள்கள் மிதித்தாலே அந்த அளவை எட்டலாம். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் அல்லது தலைச்சுற்றல் ஏற்பட்டால், திரையில் எத்தனை நிமிடங்கள் எஞ்சியிருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

சமநிலை காத்தல், வளைவில் திரும்புதல், குழிகளைத் தவிர்த்தல், தக்க தருணத்தில் பிரேக் பிடித்தல் ஆகியவற்றை இக்கருவி கற்றுத் தராது. நந்தி மலை ஏறுவதற்கான கால் வலுவை வீட்டிலேயே பெறலாம். மலையிலிருந்து பாதுகாப்பாக இறங்கும் பழக்கம் சாலையில் மட்டுமே கைகூடும்.