கண்ணுக்குத் தெரியாத மீத்தேன் கசிவு: ஒளியை வைத்துப் பிடிப்பது எப்படி?

சமையலறையில் லேசாக கேஸ் வாசனை வந்தால் போதும். "ரெகுலேட்டரை ஆஃப் பண்ணு, ஜன்னலைத் திற" என்று வீடே பரபரப்பாகிவிடும். ஆனால், அந்த நாற்றம் கேஸுடையது இல்லை. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்கேப்டன் என்ற வேதிப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள்.

குழாய் வழியாக வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுவும் அப்படித்தான். அதில் பெரும்பகுதி மீத்தேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது. பூமியிலிருந்து எடுக்கும் கிணறுகளில் பெரும்பாலும் நாற்றம் சேர்ப்பதில்லை. அங்கே கசிந்தால் மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

அப்போ யார் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்குத்தான் கடந்த சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் ஒளி சென்சார்களை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவை அதிரவைத்த ஒரு கிணறு

2015 அக்டோபர் 23. லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய அலிசோ கேன்யன் என்ற இடத்தில், நிலத்தடி எரிவாயுச் சேமிப்புக் கிடங்கின் ஒரு கிணற்றில் கசிவு கண்டறியப்பட்டது. இது ஏற்கெனவே நாற்றம் சேர்க்கப்பட்ட கேஸ். அருகில் இருந்த போர்ட்டர் ரேஞ்ச் பகுதி மக்கள் தலைவலி, குமட்டல், மூக்கில் ரத்தம் என்று புகார் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறி, வேறு இடங்களில் தங்கவேண்டியதாயிற்று.

எவ்வளவு கசிகிறது என்பதை அளந்தது ஒரு சின்ன விமானம். விஞ்ஞானியும் விமானியுமான ஸ்டீபன் கான்லி, மீத்தேனை அளக்கும் லேசர் கருவியுடன் அந்தப் புகைமண்டலத்துக்குள் பறந்தார். கசிவு உச்சத்தில் இருந்தபோது மணிக்குச் சுமார் 60 டன் மீத்தேன் வெளியேறியது தெரியவந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் படுகை முழுவதும் வழக்கமாக வெளியிடும் மீத்தேனுக்குச் சமமான அளவை இந்த ஒரே கிணறு வெளியேற்றியது!

டிசம்பரில் அகச்சிவப்புக் கேமரா வீடியோ வெளியானது. வெறும் கண்ணுக்குச் சாதாரண மலைச்சரிவு. கேமராவில் பார்த்தால் எரிமலைபோலக் கொப்பளிக்கும் கரும்புகை. 2016 பிப்ரவரியில் கிணற்றை அடைப்பதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. 1950-களில் தோண்டப்பட்ட அந்தக் கிணற்றின் இரும்புக் குழாய் அரித்து உடைந்திருந்தது பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது.

மீத்தேன் கசிந்தால் அப்படி என்ன ஆபத்து?

வீடு, தொழிற்சாலை என்றால் தீப்பிடிக்கும் அபாயம். பூமிக்கு வேறு ஒரு அபாயம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தொழிற்புரட்சிக்குப் பிறகான புவி வெப்பமாதலில் சுமார் 30% மீத்தேனால் வந்தது.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு பல நூறு ஆண்டுகள் காற்றில் நீடிக்கும். மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். இன்று கசிவை நிறுத்தினால், அதன் பலனை நம் தலைமுறையே பார்க்கலாம்.

"நிலக்கரியைவிட எரிவாயு சுத்தமானது" என்ற வாதமும் இதை நம்பித்தான் நிற்கிறது. மின்சாரம் தயாரிக்கும்போது எரிவாயு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரியில் ஏறக்குறைய பாதிதான். உண்மை. ஆனால் கிணற்றிலிருந்து மின் நிலையம் வரும் வழியில் 3.2%-க்கு மேல் கசிந்தால், ஆரம்ப ஆண்டுகளில் நிலக்கரியைவிட அது மோசமாகிவிடும் என்று 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஆக, எரிவாயு சுத்தமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கசிவின் அளவுதான்.

ஒளி எப்படி மீத்தேனைப் பிடிக்கிறது?

மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் ஸ்பிரிங்கில் கட்டியதுபோல அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுக்குப் பொருத்தமான அலைநீளமுள்ள ஒளி வந்தால் மட்டும் அதை விழுங்கிக்கொள்ளும். நாம் பார்க்கும் ஒளி சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. மீத்தேன் நன்றாக விழுங்குவது 3.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை. அதனால்தான் நம் கண்ணுக்கு அது கண்ணாடி மாதிரி. அகச்சிவப்புக் கேமராவுக்குப் புகை மாதிரி.

இதை வைத்து மூன்று விதமாக அளக்கிறார்கள்.

1. லேசர் அனுப்புவது: மீத்தேன் விழுங்கும் அலைநீளத்தில் லேசரைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியை அளப்பது. போனதைவிட வந்தது குறைந்தால், இடையில் மீத்தேன் இருக்கிறது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மீத்தேன். கையில் பிடிக்கும் கருவிகள் இப்படி வேலை செய்கின்றன.

2. கண்ணாடிப் பெட்டி: கோயில் மணியை அடித்தால் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மணியில் துணியைச் சுற்றிவிட்டு அடித்தால் சட்டென்று அடங்கிவிடும். அதேபோல, கண்ணாடிகள் பதித்த சின்னப் பெட்டிக்குள் லேசரை விட்டால் அது ஆயிரக்கணக்கான முறை எதிரொளித்து மெல்ல மங்கும். உள்ளே மீத்தேன் இருந்தால் சீக்கிரம் மங்கும். அந்த நேர வித்தியாசமே அளவு. ஒளி பெட்டிக்குள்ளேயே பல கிலோமீட்டர் பயணித்துவிடுவதால், நூறு கோடியில் சில பங்கு வித்தியாசத்தையும் பிடித்துவிடும்.

3. சூரிய ஒளியைப் படிப்பது: செயற்கைக்கோள்கள் செய்வது இதை. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எந்தத் துண்டு குறைகிறது என்று பார்க்கும். அலிசோ கேன்யன் கசிவை நாசாவின் இஓ-1 செயற்கைக்கோள் இப்படித்தான் பதிவு செய்தது. ஒரு தனி நிலையத்தின் மீத்தேன் கசிவை விண்ணிலிருந்து கண்டது அதுவே முதல் முறை.

ஆய்வில் என்ன தெரிந்தது?

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தலைமையில் 2024 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் 6 எண்ணெய், எரிவாயுப் பகுதிகளில் விமானங்களில் எடுத்த சுமார் 10 லட்சம் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உற்பத்தியாகும் எரிவாயுவில் சராசரியாகச் சுமார் 3% வெளியேறுவது தெரிந்தது. அரசின் கணக்கைப்போல ஏறக்குறைய 3 மடங்கு!

இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்த 6 பகுதிகளில் நான்கில், 2%-க்கும் குறைவான இடங்களே 50 முதல் 80% வரையிலான மீத்தேனை வெளியிடுகின்றன. சில ஓட்டைகளை அடைத்தால் பெரும்பகுதிப் பிரச்சினை தீரும்.

அப்போ செயற்கைக்கோள் மட்டும் போதுமா?

போதாது. மேகம் மறைத்தால் தெரியாது. இரவில் சூரிய ஒளி இல்லை. ஐரோப்பாவின் டிரோபோமி சென்சார் உலகம் முழுவதையும் தினமும் பார்க்கும். ஆனால் அதன் ஒரு புள்ளி தரையில் பல கிலோமீட்டர் அகலம். எந்த வால்வு என்று சொல்லாது. 2024 ஆகஸ்டில் ஏவப்பட்ட டேனேஜர்-1 போன்றவை குறிப்பிட்ட நிலையத்தையே காட்டும். ஆனால் எல்லா இடத்தையும் தினமும் பார்க்க முடியாது. 2024 மார்ச்சில் ஏவிய மீத்தேன்சாட், 2025 ஜூனில் தொடர்பை இழந்தே போனது. அதனால் செயற்கைக்கோள், விமானம், கைக்கருவி மூன்றும் வேண்டும்.

கண்டுபிடிச்சாச்சு. அடைச்சாச்சா?

இங்கேதான் சிக்கல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'மார்ஸ்' அமைப்பு, செயற்கைக்கோளில் பெரிய கசிவு தெரிந்தால் அந்தந்த அரசுக்கும் நிறுவனத்துக்கும் தகவல் அனுப்புகிறது. 2024 அறிக்கையின்படி அதுவரை அனுப்பியது சுமார் 1,200 எச்சரிக்கைகள். உருப்படியான பதில் வந்தது வெறும் 1%-க்கு. 2025-ல் அது 12% ஆனது. அப்போதும் 10-ல் 9 எச்சரிக்கைகள் கிணற்றில் போட்ட கல்தான்.

பதில் சொன்னவர்கள் செய்ததைப் பாருங்கள். நைஜீரியாவில் குறைந்தது 6 மாதங்களாக இருந்த ஒரு கசிவு, தகவல் கிடைத்த 2 வாரத்துக்குள் சரிசெய்யப்பட்டது. செய்த வேலை? பழுதான ஒரு உபகரணத்தை மாற்றியது. அவ்வளவுதான். இத்தனைக்கும் கசியும் மீத்தேன் விற்கக்கூடிய சரக்கு. பிடித்தால் காசு.

நமக்கும் இதில் பங்கு உண்டு. மொத்த எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 2030-க்குள் 15% ஆக்குவது இந்தியாவின் இலக்கு. ஊருக்கு ஊர் குழாய் பதிக்கிறார்கள், சிஎன்ஜி பங்க் திறக்கிறார்கள். "சுத்தமான எரிபொருள்" என்ற பலகையை அடுத்த முறை பார்க்கும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வழியில் எவ்வளவு கசிகிறது, அதை யார் அளக்கிறார்கள்?