எஜமானன் வீட்டுக் காதல்

தொலைக்காட்சித் தொடர் நாடகங்களில் பெருஞ் செல்வாக்குப் பெற்றுவிட்ட கதை ஒன்றுண்டு. வேலை செய்யுமிடத்தில் காதல் முளைக்கிறது. அந்தஸ்தோ வயதோ குறுக்கே நிற்கிறது. நூற்றுக்கணக்கான நாட்கள் அக்காதல் ஆமைபோல் ஊர்கிறது. 2017-இல் ஜீ தமிழில் தொடங்கிய 'செம்பருத்தி'யில், மாளிகையில் பணிபுரியும் பார்வதிக்கும் எஜமானி அகிலாண்டேஸ்வரியின் மகன் ஆதித்யாவுக்கும் காதல். 2020-இல் வந்த 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' கதையிலோ, நாற்பதைத் தாண்டிய முதலாளி சூர்யாவும் அவரிடம் வேலை பார்க்கும் இளம்பெண் அனுவும்.

இவற்றைப் பழிப்பது நமது நோக்கமன்று. மெதுவாக வளரும் காதலில் ரஸம் உண்டென்பதை யாரும் மறுக்கார். ஆனால், அந்தத் தாமதத்துக்குக் காரணம் யாது? நம் கதாசிரியர்கள் சூழ்ச்சிக்காரச் சிற்றத்தையையும், மாறிப்போன கடிதத்தையும், வேளை பார்த்து நேரும் மோட்டார் விபத்தையும் தேடி ஓடுகிறார்கள். மெய்யான தடை அவர்கள் காலடியிலேயே கிடக்கிறது. சம்பளம் கொடுப்பவன் ஒருவன், வாங்குபவள் ஒருத்தி. அவள் 'வேண்டாம்' என்றால் நாளைக்கு வேலை நிலைக்குமா?

கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இக்கேள்விக்கு வியாக்கியானம் தேவையில்லை. மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். கூலியின்றி வெட்டிவேலை செய்த குடிகள், மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் மறுக்கலாகாது என்பதை ஏட்டில் படித்து அறிந்தவர்களல்லர். ஏழைக் குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கும் திட்டம் 2006-இல் வந்தது. அக்குடிகளின் பேத்திமார் பெட்டியின் முன் அமர்ந்து, எஜமானன் மகனின் பார்வை வேலைக்காரப் பெண்மீது படிவதைக் காணும்போது, சென்னையிலிருந்து கதை புனைவோர் எண்ணாத ஓர் அச்சமும் அவர்கள் மனத்தில் எழக்கூடும்.

சட்டம் இதை எண்ணியிருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், சலுகை தருவதாக ஆசை காட்டுவதையும், வேலைக்குக் கேடு வருமென மிரட்டுவதையும் தொல்லையின் கூறுகளாகவே கருதுகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. முதலாளியே எதிரியானால் ஜில்லாக் கமிட்டியிடம் முறையிடலாம். (நாடகத்துப் பார்வதிகளில் ஒருத்தியேனும் அக்கமிட்டியின் பெயரைக் கேள்விப்பட்டதாக நமக்கு நினைவில்லை.)

சட்டம் புகுந்தால் காதல் செத்துவிடும் என்பார் உளர். நமது அபிப்பிராயம் நேர்மாறானது. அவள் முகத்தில் தோன்றும் புன்னகை அன்பா, பயமா என்பதை எஜமானன் அறிய வழியில்லை. அவளுக்கே அது தெளிவாயிராமலும் இருக்கலாம். ஐம்பது நாள் கதைக்கு இதைவிட வேறென்ன தடை வேண்டும்? அவன் வாய் திறக்குமுன் அவளை வேறொரு அதிகாரியின் கீழ் மாற்றட்டும். அல்லது அவளே வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளட்டும். ஒரு முறையாவது அவள் மறுக்கட்டும். மறுத்த மாதமும் முதல் தேதியன்று குறைவின்றிச் சம்பளம் கைக்கு வர, அதை அவள் இருமுறை எண்ணிப் பார்க்கட்டும். காதற் கதை அந்தக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம்.