இணையமும் நிலைக்கோப்புகளும்: ஒரு விளக்கம்

ஓலையில் வாழ்ந்த தமிழ் தாளுக்கு வந்தது. தாளிலிருந்து இன்று திரைக்கும் வந்துள்ளது. ஓலைக்கு எழுத்தாணியும் தாளுக்கு அச்சும் போலத் திரைக்கும் உரிய கருவிகள் உள. அவற்றுள் ஒன்றாகிய நிலைக்கோப்புகளைப் பேணி வழங்கும் முறையைத் தமிழ் மாணவர் ஏன் அறிதல் வேண்டும் என வினவலாம். பல இணையதளங்களில் நாம் படிக்கும் தமிழ் எழுத்தின் வடிவமே அத்தகைய கோப்பாக வந்து சேர்கின்றது என்பதே விடை.

நிலைக்கோப்பு என்பது யாது? நம் மாவட்டத்துச் சிவகாசியையே சான்றாகக் கொள்வோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிடும் தேவையால் அங்கு அச்சுத்தொழில் வளர்ந்தது. நாட்காட்டியின் வண்ணப்படம் எல்லார்க்கும் பொதுவாக முன்னரே அச்சிடப்பெறும். வாங்கும் கடையின் பெயர் மட்டும் பின்னர் அச்சேறும். இணையச் செயலியும் அத்தகையதே. மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் கேட்பவர்க்கேற்ப அவ்வப்போது உருவாவன. கல்லூரிச் சின்னம், படங்கள், எழுத்துரு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைதாள், உலாவியில் இயங்கும் நிரல் ஆகியன யார் கேட்பினும் மாறாதன. இவையே நிலைக்கோப்புகள்.

இவற்றைப் பேணுவதில் முதற்படி, ஓரிடத்தில் திரட்டுதல். 2005-இல் வெளியான ஜாங்கோ என்னும் மென்பொருட் கட்டமைப்பில், பல அடைவுகளில் சிதறிக் கிடக்கும் நிலைக்கோப்புகளை ஒரே அடைவில் சேர்ப்பதற்கெனத் தனிக் கட்டளையே உண்டு. இரண்டாம் படி, பிரித்து வைத்தல். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையும் சரக்குக் கிடங்கும் இடைவெளி விட்டே அமைக்கப்படும். அங்குக் காரணம் உயிர்க்காப்பு. இங்குக் காரணம் சுமைக்குறைப்பு. மதிப்பெண்ணைக் கணக்கிடும் செயலியே சின்னத்தையும் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பின், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அது திணறும். ஆதலின் நிலைக்கோப்புகளை எஞ்சின்எக்ஸ் போன்ற வழங்கி மென்பொருளிடம் ஒப்படைப்பர். அல்லது பல ஊர்களில் படிகளை வைத்து, கேட்பவர்க்கு அண்மையிலிருந்து அனுப்பும் விநியோக வலையமைப்பிடம் ஒப்படைப்பர்.

மூன்றாம் படியே பெரிதும் கவனிக்கத்தக்கது. ஒருமுறை பெற்ற கோப்பை உலாவி தன்னிடமே சேமித்துக்கொண்டு, மறுமுறை கேளாமலே காட்டும். இதனால் நேரமும் செலவும் குறையும், பிழையும் நேரலாம். நாம் அறிந்த ஒரு கல்லூரியில் தேர்வுக் கால அட்டவணை படக்கோப்பாக வெளியிடப்பெற்றது. பின்னர் ஒரு தாளின் நாள் மாற, திருத்திய படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றினர். சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் கைப்பேசியோ சேமித்து வைத்திருந்த பழைய படத்தையே காட்டியது. ஒருநாள் பிந்தி வந்த அவள், பூட்டிய அறையின் முன் நின்றாள். படத்தைத் திருத்தியவர் தம் கணினியில் சரிபார்த்தே இருந்தார். அவரிடம் குறை காண்பதற்கில்லை. குறை பெயரில் இருந்தது.

சென்ற ஆண்டு நாட்காட்டியை இவ்வாண்டினதாக எவரும் மயங்குவதில்லை. ஆண்டு அதன் முகப்பிலேயே உள்ளது. கோப்புக்கும் அங்ஙனமே செய்வர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை போன்றதொரு குறியீட்டைக் கணித்துப் பெயருடன் சேர்ப்பர். ஓர் எழுத்து மாறினும் குறியீடு மாறும், பெயரும் மாறும். புதிய பெயரைக் கண்ட உலாவி புதிய கோப்பைக் கேட்டே தீரும். இவ்வாறு பெயரிட்ட கோப்பை ஓராண்டுக்கு, அதாவது 3,15,36,000 நொடிகளுக்குச் சேமிக்கலாம் என அறிவிப்பதில் தீங்கில்லை. ஆயின் அப்பெயர்களைச் சுட்டும் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் செய்தல் வேண்டும். வெளியிடும்போது புதிய கோப்புகளை முதலில் ஏற்றி, பக்கத்தைப் பின்னர் மாற்றுவர். பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்போர் பொருட்டுப் பழைய கோப்புகளைச் சின்னாள் விட்டுவைப்பர்.

இனித் தமிழுக்கு வருவோம். 1990களில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்குரிய எழுத்துருவையும் குறியேற்றத்தையும் கையாண்டன. உரிய எழுத்துருவை இறக்கி நிறுவாதவர்க்குத் தமிழ் புரியாத குறிகளாகவே தோன்றியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்படிகளாக்கியபோதும், அவற்றைப் படிக்க உரிய எழுத்துரு வேண்டியிருந்தது. ஒருங்குறி பரவியபின் குறியேற்றச் சிக்கல் நீங்கியது. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. எழுத்துருவின் தேவையோ நீங்கவில்லை.

எழுத்துருவின் பருமனைக் குறைக்க வேண்டாத வடிவங்களை நீக்குவதுண்டு. இங்குத்தான் தமிழறிவு தேவைப்படுகின்றது. ஒருங்குறியில் 'கு' என்பதற்குத் தனிக்குறியெண் இல்லை. ககரமும் உகரக்குறியும் அடுத்தடுத்து வர, எழுத்துருவினுள் உள்ள இணைப்புவிதி அவற்றை ஒரே வடிவமாக்குகின்றது. குறியெண் உள்ளவற்றை மட்டும் எண்ணி எஞ்சியதை வெட்டினால், 'கு' இரண்டாகப் பிரிந்து நிற்கும். தமிழறியாத பொறியாளர்க்கு அது பிழையெனத் தோன்றாமலும் போகலாம்.

ஆகவே மாணவர்களே, நிலைக்கோப்பு கணினித்துறைக்கு மட்டும் உரியதன்று. மாறிய பொருளுக்குப் புதுப்பெயர் இடுக. மாறாததைப் படிப்பவர்க்கு அண்மையில் வைக்க. வெளியிடுமுன் எளிய கைப்பேசி ஒன்றிலும் திறந்து பார்க்க. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் செய்த பணியை இனித் திரைக்கும் நாம் செய்தல் வேண்டும். பூட்டிய அறையின் முன் இன்னொரு மாணவி நில்லாதிருக்க அதுவே வழி.