உங்களுக்குத் தெரியுமா? ஒரே ரோடு, கேட்டுக்கு கேட் ஒரு கட்சி நிதி!

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனி பஸ்ஸில் தொற்றிக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அப்படியே திரும்பினால் ஒரகடம். ஒரு டிக்கெட்டில் கொரியா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான்! இவர்கள் சொந்த ஊரில் கட்சிக்காரர்களை எப்படி 'கவனிக்கிறார்கள்'? துருவிப் பார்த்தேன். தலை சுற்றிவிட்டது!

முதல் கேட், ஹூண்டாய். 2002-ல் கொரிய அதிபர் தேர்தல். எதிர்க்கட்சிக்கு ஹூண்டாய் கொடுத்தது 1,000 கோடி வோன். செக் இல்லை, டிராஃப்ட் இல்லை. ரொக்கம்! ஏற்றிப்போன வண்டி? ஹூண்டாயின் சொந்தத் தயாரிப்பான ஸ்டாரெக்ஸ் வேன்!

அதே தேர்தலில் இன்னொரு கொரியக் கம்பெனியான எல்ஜி இன்னும் ஒரு படி மேலே. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வைத்து 2.5 டன் லாரியில் 1,500 கோடி வோன்! இத்தனை வாங்கியும் அந்தக் கட்சி தேர்தலில் தோற்றது!

விஷயம் வெளியே வந்தது. மானம் போன கட்சி, தலைமையகத்தை விட்டு வெளியேறிக் கூடாரத்தில் ஆபீஸ் போட்டது. 2004-லிருந்து கொரியாவில் எந்தக் கம்பெனியும் கட்சிக்கு ஒரு வோன்கூடக் கொடுக்க முடியாது!

ஆனால் குதிரை? சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபிரிட்ஜ் செய்கிறதே சாம்சங், அதன் வாரிசு சிக்கியது குதிரையில்தான். அதிபருடைய தோழியின் மகள் சவாரி செய்ய 3 குதிரைகள். விலை 340 கோடி வோன். லஞ்சமேதான் என்றது கொரிய உச்ச நீதிமன்றம்!

கண்ணாடி செய்யும் செயின்ட் கோபைன் பிரெஞ்சுக்காரர்களுடையது. பிரான்ஸில் 1995-லிருந்து கம்பெனி நன்கொடைக்குத் தடை. தனி ஆள் கட்சிக்கு ஆண்டுக்கு 7,500 யூரோதான் தரலாம். வரம்பை மீறிச் செலவழித்ததற்காக முன்னாள் அதிபர் சர்கோசிக்கே 2021-ல் தண்டனை! நம் ஊரில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் வரம்பு. கட்சிக்கு? வரம்பே கிடையாது!

ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர், 2018-ல் ஜெர்மனியில் 5 கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது 3,20,000 யூரோ. அடுத்த வருஷம் கொடுத்தது பூஜ்யம்!

ஜப்பானில் அரசே கட்சிகளுக்குப் படியளக்கிறது. தலைக்கு 250 யென். நேற்றுப் பிறந்த குழந்தையின் தலையும் கணக்கில் சேர்த்தி!

ஜப்பானின் நிஸ்ஸான் கார் கம்பெனி கதை தலைகீழ். தருவதாகச் சொன்ன சலுகைப் பணம் தமிழக அரசிடமிருந்து வரவில்லை என்று 2017-ல் இந்தியா மீதே சர்வதேச நடுவர் வழக்குப் போட்டது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கும் மேல்! 2020-ல் சமரசம்!

ஸ்ரீபெரும்புதூரில் 2014-ல் பூட்டிய நோக்கியா ஞாபகம் இருக்கிறதா? ஊழியர் யாருக்கு எப்போது மெயில் அனுப்பினார் என்று முதலாளி பார்க்கலாம் என, நோக்கியாவின் சொந்த ஊரான பின்லாந்தில் 2009-ல் ஒரு சட்டம் வந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'லெக்ஸ் நோக்கியா'. அதாவது, நோக்கியா சட்டம்!

நம் சட்டமன்றமும் சளைத்ததில்லை. கம்பெனிகள் கேட்டதால் என்று சொல்லி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நிறைவேறியது. ஏப்ரல் 24-ல் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று வாபஸ். ஆயுள் 10 நாள்!

அமெரிக்காவில் லாபி செய்வது, அதாவது அரசைத் தம் பக்கம் இழுக்கப் பேசுவது, சட்டப்படி தொழில். மூன்று மாதத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தால் போதும்! அப்படி வால்மார்ட் கொடுத்த கணக்கில் இந்தியாவில் கடை திறக்கும் விஷயமும் இருந்தது. 4 ஆண்டுகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு சுமார் 2.5 கோடி டாலர். 2012-ல் டெல்லி நாடாளுமன்றமே அமளி! விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி! இந்தியாவில் லாபிக்கென்று தனிச் சட்டம்? இன்றுவரை இல்லை!

கம்பெனி நன்கொடையை 1969-ல் தடை செய்தது இந்திரா காந்தி அரசு. 1985-ல் திரும்பத் திறந்துவிட்டது மகன் ராஜீவ் அரசு. அவர் நினைவிடம் இருப்பதும் இதே ஸ்ரீபெரும்புதூரில்!

அதே நெடுஞ்சாலையில் நேரே போனால் வேலூர். பணப் பட்டுவாடாவுக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல், 2019-ல், அங்கேதான். ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் முன்பு!

கட்சிகளுக்கு நன்கொடை தரவென்று விற்ற தேர்தல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் புரட்டினால் கொடுத்தவர் பெயர் இருந்ததில்லை. ஆனால் புற ஊதா விளக்கடியில் பிடித்தால் ஒரு ரகசிய எண் பளிச்! உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்வதற்குள் விற்றது சுமார் 16,518 கோடி ரூபாய்க்கு!

அதில் அதிகம் வாங்கிய கம்பெனி எது? காரா? போனா? டயரா? ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி! 1,368 கோடி ரூபாய்! திமுகவுக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி அவர்கள் கொடுத்ததே. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தது எப்போது தெரியுமா? 2003!